பாதை நின்ற ஊரின் துண்டுப் போர்வைகள்



போன கிழமை பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தி எனக்கொரு வட்ஸ்அப் வீடியோ அனுப்பி, "டீச்சர், இது உண்மையா?" என்று கேட்டிருந்தாள். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் தப்பியோடும்போது, வழியில் உள்ள வீடுகளில் துண்டுத் துணியால் தைத்த போர்வைகளைக் கொடியில் போட்டு இரகசியச் செய்தி சொன்னார்களாம். ஒரு வடிவம் என்றால் "புறப்படு", இன்னொரு வடிவம் என்றால் "இந்த வீட்டில் பயமில்லை". பின்னணி இசையோடு பார்த்தால் கண்ணீர் வரும் வீடியோதான்.

அவளுக்கு "பொய்" என்று ஒரு சொல்லில் பதில் போட்டுவிட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. பொய்யைப் பொய் என்று சொல்லிவிட்டு உண்மையைச் சொல்லாமல் விட்டால் நான் என்ன வரலாறு படிப்பிக்கிறேன்? அதனால்தான் இந்தப் பதிவு. நீளம்தான், மன்னியுங்கள். வேலையாக இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள்.

முதலில் அந்த இரகசியக் குறியீட்டுக் கதையை முடித்துவிடுவோம். 1999இல் வெளியான ஒரு ஆங்கிலப் புத்தகத்தின் மூலம்தான் இது உலகம் முழுக்கப் பரவியது. போர்வை விற்ற ஒரு பெண், தன் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டது என்று சொன்னதுதான் அதன் அடிப்படை. ஆனால் அடிமையாக வாழ்ந்து விடுதலையான முதியவர்கள் 2000க்கும் மேற்பட்டவர்களை 1930களில் அரசாங்கமே தேடிப்போய்ப் பேட்டி எடுத்து எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பேட்டிகளில் இப்படியொரு குறியீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. "பாதுகாப்பான வீடு" என்று வீடியோ காட்டும் 'லொக் கேபின்' வடிவமும் 1860களுக்குப் பிறகுதான் பரவலாகிறது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1865இல். வரலாற்றாசிரியர்கள் இந்தக் கதையை ஏற்காததற்கு இவைதான் காரணங்கள்.

ஆனால் துண்டுப் போர்வையும் கறுப்பினப் பெண்களும் விடுதலையும் சம்பந்தப்பட்ட ஒரு உண்மையான ஊர் இருக்கிறது. பெயர் ஜீஸ் பெண்ட். அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு வளைந்து வளைந்து போகும் இடத்தில், மூன்று பக்கமும் ஆறு சூழ்ந்த ஒரு நாக்கு மாதிரியான நிலம். 1816இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார், ஊருக்கு அவர் பெயர் வந்தது. 1845 அளவில் அது மார்க் பெட்வே என்பவரின் கைக்கு மாறியது. அவர் தன் அடிமைகள் நூறு பேரளவில் வட கரோலினாவிலிருந்து அலபாமாவுக்கு நடத்தியே கொண்டுவந்தார். முதலாளி குடும்பம் வண்டியில், அவர்கள் கால்நடையாக. விடுதலைக்குப் பிறகும் அந்த மக்களுக்குப் போக இடமில்லை. அதே நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்தார்கள். இன்றைக்கும் அந்த ஊரில் பலருக்குப் பெயர் பெட்வேதான். ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத பெட்வேக்களும் இருக்கிறார்கள். முதலாளியின் பெயரைத்தான் எல்லோரும் சுமக்கிறார்கள்.

கடன் கொப்பி என்றால் நமக்குத் தெரியும். அந்த மக்களும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கெம்டன் நகரத்து வியாபாரி ஒருவரிடம் கடனுக்குச் சாமான் எடுத்து, பருத்தி விற்கும்போது கழிப்பார்கள். 1920களின் முடிவில் பருத்தி விலை விழுந்தது. அந்த வியாபாரியும் இறந்துபோனார். 1932இல் அவருடைய குடும்பத்தார் கடனுக்குப் பதிலாக ஊரையே வழித்துக்கொண்டு போனார்கள். கோவேறு கழுதை, மாடு, கலப்பை, வண்டி, சோளம், விதை, குளிர்காலத்துக்கு என்று வைத்திருந்த வற்றாளைக் கிழங்கு, எதுவும் மிச்சமில்லை. அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய மாவில்தான் கடந்தார்கள்.

எல்லாம் போன வீட்டில் என்ன மிஞ்சும்? பழைய உடுப்பு மிஞ்சும். அதை யாரும் கடனுக்கு எடுக்கமாட்டார்கள்.

மரக்குற்றியால் கட்டிய வீடுகள். பலகை இடுக்கால் காற்று வரும் என்று சுவரெல்லாம் பத்திரிகைத் தாள் ஒட்டியிருப்பார்கள். 1937இல் அரசாங்கத்துக்காக ஆர்தர் ரொத்ஸ்டைன் எடுத்த படங்களில் அந்தச் சுவர்களைப் பார்க்கலாம். அப்படி ஒரு வீட்டில் நிறையப் பிள்ளைகளோடு குளிர்காலம் கழிக்க ஒரு போர்வை போதாது. கீழே விரிக்க, மேலே போர்க்க, இடுக்கை அடைக்க என்று ஒவ்வொரு வீட்டிலும் வருடா வருடம் தைத்தார்கள். காற்சட்டையில் கிழியாத பகுதி, சட்டையின் முதுகுப் பக்கம், உடுத்துப் பழசான கவுன், எல்லாம் துண்டாகும். உள்ளே வைக்கும் பஞ்சும் காசு கொடுத்து வாங்கியதல்ல. பஞ்சு பிரிக்கும் ஆலையின் தரையில் சிந்தியதைக் கூட்டி அள்ளிவந்து, தடியால் அடித்துப் பரப்புவார்கள். பின்பக்கத்துக்கு மா மூட்டை, உர மூட்டைத் துணி. மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலைக்கூட அறுக்காமல் உருவி, சுற்றி வைத்து, அதாலேயே தைத்தார்கள்.

இந்த வேலையில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. மேல்பக்கத்தைத் துண்டு துண்டாகப் பொருத்துவது அவரவர் வீட்டில், தனியாக. என்ன நிறம், என்ன வடிவம் என்று இன்னொருத்தி வாய் வைக்கமாட்டாள். ஆனால் மேல்துணி, பஞ்சு, கீழ்த்துணி மூன்றையும் சட்டத்தில் கட்டி ஒன்றாக நெருக்கித் தைக்கும்போது அயலில் உள்ள பெண்கள் எல்லோரும் வந்து சுற்றி உட்காருவார்கள். அங்கேதான் பாட்டு, துஆ, ஊர்க்கதை, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது என்ற செய்தி. அவர்கள் கிறிஸ்தவர்கள், அவர்களுடைய பிரார்த்தனையைத்தான் நான் துஆ என்று எழுதினேன்.

அந்த ஊரில் அதிகம் தைத்த வடிவத்துக்குப் பெயர் 'ஹவுஸ்டொப்', அதாவது வீட்டுக் கூரை. நடுவில் ஒரு சதுரம். அதைச் சுற்றிச் சுற்றி நீளத் துண்டுகள். மேலே நின்று பார்த்தால் கூரையை உச்சியிலிருந்து பார்த்த மாதிரி இருக்கும். நான் சொன்ன லொக் கேபினும் இதன் உறவுதான். தையல் அதிகம் தெரியாத நானே போன சனிக்கிழமை ஒன்று தைத்துப் பார்த்தேன். பெண் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் செய்து பார்க்கட்டும் என்று கணக்கோடு சொல்கிறேன், ஆண் பிள்ளைகள் செய்தாலும் குறைவில்லை.

தைத்து முடிந்தபின் நடுச் சதுரம் 4 அங்குலம், சுற்றித் துண்டுகள் 2 அங்குல அகலம் என்று வைப்போம். எல்லாப் பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விடவேண்டும். ஆகவே சதுரத்தை நாலரை அங்குலமாகவும் துண்டுகளை இரண்டரை அங்குல அகலமாகவும் வெட்டுங்கள். முதல் துண்டைச் சதுரத்தின் ஒரு பக்கத்தில் வைத்துத் தைத்து, மீதியை வெட்டி, விரித்து அயன் பண்ணுங்கள். இப்போது ஒரு பக்கம் 6 அங்குலமாகிவிட்டது. அடுத்த துண்டு அந்த 6 அங்குலப் பக்கத்தில். மூன்றாவதும் 6. நாலாவது 8. ஒரு சுற்று முடிந்தது, 4 அங்குலச் சதுரம் 8 அங்குலச் சதுரமாகிவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் 4 அங்குலம் கூடும். நாலு சுற்றில் 20 அங்குலம். நம்பாத கணித மாணவர்களுக்கு: முதல் சுற்றின் துண்டுகள் 4, 6, 6, 8, கூட்டினால் 24, அகலம் 2, பரப்பு 48. எட்டின் வர்க்கத்தில் நாலின் வர்க்கம் கழித்தாலும் 48.

என்னுடையது 20 வரவில்லை. ஒரு பக்கம் 19, மறுபக்கம் 20க்குக் கொஞ்சம் மேல். கால் அங்குலம் எல்லா இடத்திலும் கால் அங்குலமாக இல்லை. ஒவ்வொரு தையலிலும் ஒரு நூலளவு பிசகினால் நாலாவது சுற்றில் அது ஒரு விரலாகிவிடுகிறது. ஜீஸ் பெண்ட் பெண்களின் போர்வைகளிலும் கோடுகள் நேராக இல்லை, கோணல்தான். ஆனால் அவர்களுடையது என்னுடையது மாதிரி கைதவறிய கோணல் அல்ல. துணி முடிந்த இடத்தில் இன்னொரு நிறத்தை வைத்து, ஒரு பக்கத் துண்டை மெலிதாக்கி, மறுபக்கத்தில் தடிப்பாக்கி, சிலர் ஒரேயொரு ஹவுஸ்டொப்பைப் போர்வை முழுக்கப் பெருக்கியிருக்கிறார்கள். இருக்கும் துணி சொல்வதையும் மனம் சொல்வதையும் சேர்த்துச் செய்த முடிவுகள் அவை. படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

அதில் ஒரு போர்வை 1942இல் மிசூரி பெட்வே என்ற பெண் தைத்தது. கணவர் மௌத்தானபின், அவர் வயலுக்கு உடுத்த உடுப்புகளை எல்லாம் பிரித்து, அவரை நினைத்துக்கொண்டு போர்த்துக்கொள்ள ஒன்று தைக்கப்போகிறேன் என்று மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தைத்தாராம். அந்த மகள் ஆர்லோன்சியா, வயதானபின் இதைச் சொல்லியிருக்கிறார். வயல் உடுப்பால் தைத்த இந்த மாதிரிப் போர்வைகளில் வெயிலில் வெளிறிய டெனிம் துணிக்கு நடுவே சில இடத்தில் கருநீலச் சதுரம் தெரியும். பொக்கெட் இருந்த இடம் அது. பொக்கெட்டைப் பிரித்தபின் வெயில் படாத துணி பழைய நிறத்திலேயே இருக்கிறது.

இனி தலைப்பில் சொன்ன பாதைக்கு வருகிறேன். வெளியூர் நண்பர்களுக்கு: எங்கள் பக்கம் 'பாதை' என்றால் ரோட்டு அல்ல, ஆற்றைக் கடக்கும் மிதவை. 2009இல் பாலம் வரும்வரை கிண்ணியாவில் பாதைக்குக் காத்து நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். குறிஞ்சாக்கேணிக்குப் பிறகு அந்தச் சொல்லை எழுதவே கை கொஞ்சம் தயங்குகிறது.

ஜீஸ் பெண்டுக்கும் ஒரு பாதை இருந்தது. அதில் ஏறினால் சில நிமிடங்களில் ஆற்றைக் கடந்து கெம்டன் போய்விடலாம். கச்சேரி, கடை, வாக்காளர் பதிவு எல்லாம் அங்கேதான். 1930களின் கடைசியிலும் 40களிலும் மத்திய அரசு அந்தத் தோட்டத்தை வாங்கி, வீடு கட்டி, குறைந்த வட்டிக் கடனில் அந்த மக்களுக்கே நிலத்தை விற்றிருந்தது. இதுதான் கதையின் திருப்பம். மற்ற ஊர்களில் கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதியப் போனால் நிலத்துக்காரன் அடுத்த நாளே வீட்டைவிட்டு எழுப்புவான். இவர்களை எழுப்ப முடியாது, நிலம் இவர்களுடையது. அதனால் 1962இல் பாதையை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் கெம்டனுக்குப் போகச் சுற்றுவழியில் ஒரு மணித்தியாலம். வாகனம் இல்லாதவன் எப்படிப் போவான்? அந்த மாவட்டத்தில் கறுப்பினத்தவர்தான் பெரும்பான்மை. ஆனால் 1965 தொடங்கும்போது அங்கே பதிவு செய்யப்பட்ட கறுப்பின வாக்காளர் ஒருவர்கூட இல்லை.

1965 பெப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் கொட்டும் மழையில் ஜீஸ் பெண்ட் வந்து தேவாலயத்தில் பேசினார். அந்த வருடம் ஓகஸ்ட்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. பதியப் போனவர்களில் பலர் வேலை இழந்தார்கள். அயல் ஊர்களில் குத்தகைக்கு இருந்தவர்கள் வீடிழந்தார்கள்.

அந்த அநியாயங்களை எழுதி எடுக்க பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார். 1965 டிசம்பரில் ஒரு வீட்டுக் கொடியில் மூன்று போர்வைகள் காய்வதைக் கண்டு வாகனத்தை நிறுத்தினார். வெள்ளைக்காரன் ஒருவன் இறங்கி வருவதைக் கண்ட அந்த வீட்டுப் பெண் காட்டுக்குள் ஓடிவிட்டார். போர்வையைப் பார்க்க வந்தவரைக் கண்டு ஓடவேண்டிய காலம் அது. வால்டர் பிறகு ஊர் ஆளோடு வந்து பேசி, ஒன்றுக்கு 10 டொலர் கொடுத்துப் பல வீடுகளில் போர்வை வாங்கி, நியூயோர்க்கில் ஏலம் விட ஏற்பாடு செய்தார். 1966 மார்ச்சில் பெண்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், 'ஃப்ரீடம் குவில்டிங் பீ'. 1969இல் அதற்கெனத் தையல் நிலையமும் கட்டினார்கள். பல பெண்களுக்கு வாழ்க்கையில் முதல்தடவையாகச் சொந்தச் சம்பாத்தியம் கையில் வந்தது அங்கேதான்.

ஆனால் பெரிய கடைகளின் ஓடர் வந்ததும் ஒரு சிக்கலும் வந்தது. கடைக்காரருக்கு எல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே வடிவத்தில் வேண்டும். கோணல் கூடாது. ஜீஸ் பெண்டில் தன் மனம்போலத் தைத்த பெண்கள் சங்கத்தில் மாதிரியைப் பார்த்துத் தைத்தார்கள், வீட்டுக்கு வந்து தமக்குப் பிடித்தபடி தைத்தார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கோர்டுராய் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. மிஞ்சிய வெட்டுத்துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பழுப்பு, பொன்மஞ்சள், பச்சை, சிவப்பு என்று தடித்த துணி. அதில் பிறந்த போர்வைகள்தான் இன்று நூதனசாலைகளில் தொங்குகின்றன. தலையணை உறைகள் எங்கே போயின என்று யாரும் தேடவில்லை.

நூதனசாலைக்குப் போன கதை சுருக்கமாக. வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர், விறகுக் குவியலின் மேல் கிடந்த ஒரு போர்வையின் படத்தை ஒரு புத்தகத்தில் கண்டு, அதைத் தைத்த அன்னி மே யங் என்பவரைத் தேடி 1998இல் ஊருக்கு வந்தார். அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம். போன வாரம்தான் சில பழைய போர்வைகளை எரித்திருந்தார். பஞ்சு புகைந்தால் நுளம்பு போகும். ஆர்னெட் தேடி வந்த போர்வை நல்லவேளை எரியவில்லை. 2002இல் ஹியூஸ்டன் நகரிலும் பிறகு நியூயோர்க்கின் விட்னி நூதனசாலையிலும் கண்காட்சி நடந்தது. நியூயோர்க் டைம்ஸ் விமர்சகர், அமெரிக்காவின் நவீன ஓவியங்களுக்குச் சமமாக வைத்து எழுதினார். 2006இல் பத்து முத்திரைகள் வெளியிட்டார்கள். 2007இல் அதே பெண்களில் சிலர், தங்கள் வடிவங்களை வைத்துச் சம்பாதித்த பணத்தில் தங்களுக்குரியது வரவில்லை என்று ஆர்னெட் தரப்பின்மேல் வழக்குப் போட்டார்கள். 2008இல் அது சமரசமாக முடிந்தது. யார் சரி, யார் பிழை என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் கண்காட்சியைப் புகழும் பதிவுகளில் இந்த வழக்கு மட்டும் விடுபட்டுவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

முத்திரை வந்த அதே 2006இல்தான் பாதையும் திரும்ப ஓடத் தொடங்கியது. 44 வருடங்களுக்குப் பிறகு. இடையில் பிறந்து வளர்ந்து, பிள்ளை பெற்று, அக்கரைக்கு அந்த வழியில் ஒரு தடவையும் போகாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்தேன்.

இன்னொரு சின்னச் செய்தியையும் விட மனமில்லை. ஆபிரிக்கர்களின் வழிவந்த சித்தி மக்கள் இந்தியாவில் கர்நாடகாவிலும் இருக்கிறார்கள். முஸ்லிம்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்கள் மூன்று பேரும் அவர்களில் உண்டு. அந்தப் பெண்களும் பழந்துணியில் 'கவந்தி' என்ற போர்வை தைக்கிறார்கள். ஹவுஸ்டொப் நடுவிலிருந்து வெளியே வளரும். கவந்தியை ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். முஸ்லிம் வீடுகளின் கவந்திகள் சிலவற்றில் பிறை வைத்துத் தைத்திருப்பார்கள்.

சரி, இதையெல்லாம் ஏன் இவ்வளவு தேடினேன் என்று உண்மையைச் சொல்லவேண்டும்.

எங்கள் வீட்டிலும் உம்மா தைத்த துண்டுத்துணி விரிப்பு ஒன்று இருந்தது. டெய்லர் கடைகளில் வெட்டுத்துண்டு வாங்கி, கை மெஷினில் தைத்தது. சின்ன வயதில் நாங்கள் ஐந்து பேரும் படுத்தது அதில். எனக்கு நியமனம் கிடைத்து, வீட்டுக்கு மாபிள் போட்டு, செட்டி வாங்கியபின் அது கண்ணில் குத்தத் தொடங்கியது. யாரோ விருந்தாளி வருகிறார்கள் என்று ஒரு நாள் அதை நாலாக மடித்துக் குசினிப் பின்வாசலில் கால்மிதியாகப் போட்டுவிட்டேன். உம்மா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அது ஆறேழு வருடமாக அங்கேயே கிடந்தது.

அன்னி மே யங் போர்வையை எரித்தது நுளம்பு விரட்ட. அவருக்கு ஒரு தேவை இருந்தது. எனக்கு என்ன தேவை இருந்தது?

போன ஞாயிறு அதை எடுத்து இரண்டு தடவை ஊறவைத்துக் கழுவினேன். ஒரு மூலை முழுக்க இத்துவிட்டது. மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பின்பக்கம் மா மூட்டைத் துணி, எழுத்து மங்கலாகத் தெரிகிறது. முன்பக்கம் சதுரமும் நீளத் துண்டும். ஹவுஸ்டொப் என்ற பெயரை உம்மா கேட்டிருக்கவே மாட்டார். ஆனால் நடுவில் ஒரு சதுரம் வைத்துச் சுற்றிவரத்தான் தைத்திருக்கிறார். நடுச் சதுரம் வெள்ளையாக இருந்து மஞ்சளாகிப் போன துணி. எடுத்துக்கொண்டுபோய், "இது என்ன துணி உம்மா?" என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுத் தடவிப் பார்த்தார்.

"இது உங்கட வாப்பாட ஜும்ஆச் சேட். கொலர் கிழிஞ்ச பொறகு வெட்டின."

வாப்பா மௌத்தாகி இருபது வருடம் ஆகிறது. நான் வாய் திறக்காமல் நின்றேன். கொண்டுபோய்க் கொடியில் போட்டேன். உம்மா பின்னாலேயே வந்து கதவடியில் நின்று சொன்னார்:

"மகள், நெடுக வெயில்ல போடாத, சாயம் போயிரும்."